பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் எட்டுப் பக்க முதலீட்டு மடல்: ஓராண்டு படித்த பின்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தின் மாடியிலிருந்து மாதம் ஒருமுறை வெளியாகும் இந்த முதலீட்டு மடலுக்குக் கடந்த ஆண்டு 360 வெள்ளி (ரிங்கிட்) சந்தா கட்டினேன். எட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை அச்சு, விளம்பரம் கிடையாது. எழுதுபவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரெமிசியராக (கமிஷனுக்குப் பங்கு வாங்கி விற்றுத்தரும் தரகராக) இருந்து ஓய்வு பெற்றவர். தம் பெயரை மடலில் பெரிதாகப் போட்டுக்கொள்ளாதவர் என்பதால் நானும் அதைத் தவிர்க்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல இங்கே ஆளுக்குக் குறைவில்லை. எது விழும், ஏன் விழும் என்று கணக்கோடு தமிழில் எழுதுபவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

மடலின் மையப் பொருளான ஷார்ட் செல்லிங் என்பது கடனாக வாங்கிய பங்கை இன்றைய விலைக்கு விற்று, விலை இறங்கியபின் வாங்கித் திருப்பிக் கொடுத்து, வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது. 2 வெள்ளிக்கு விற்ற பங்கு செல்லாக்காசாகப் போனாலும் லாபம் 2 வெள்ளியைத் தாண்டாது. அதே பங்கு 10 வெள்ளிக்கு ஏறிவிட்டால் நட்டம் 8 வெள்ளி. இந்தக் கணக்கை முதல் இதழிலேயே போட்டுக் காட்டி, சாதாரண முதலீட்டாளர் இதில் இறங்க வேண்டாம் என்று அவரே எழுதிவிடுகிறார். 1997 நெருக்கடியில் மலேசியாவில் தடை செய்யப்பட்ட இம்முறை 2007இல் கட்டுப்பாடுகளோடு திரும்பியதையும், 2020 மார்ச்சில் மறுபடி நிறுத்தப்பட்டதையும், தடை நீங்கியபின் முதல் வணிக நாளான 2021 ஜனவரி 4ஆம் தேதி ரப்பர் கையுறை நிறுவனங்களின் பங்குகள் சரிந்ததையும் அவர் விவரிக்கும் பக்கங்களில் சந்தையின் நடுவே நின்றவரின் குரல் கேட்கிறது.

அப்படியானால் நம்மைப் போன்றவர்களுக்கு இதனால் என்ன பயன்? நான்காம் இதழைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் மூன்று ஆண்டுக் கணக்கறிக்கைகளை வரிசையாக வைத்து, லாபம் ஏறிக்கொண்டே போக, செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் மட்டும் குறைந்துகொண்டே வந்ததையும், வாடிக்கையாளர் பணம் கட்ட எடுத்துக்கொள்ளும் நாள் 60இலிருந்து 140 ஆனதையும் அவர் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் பங்கில் என்னிடம் இருபது லாட் (இரண்டாயிரம் பங்கு) இருந்தது. அன்றிரவே ஆண்டறிக்கையை எடுத்து ரொக்க ஓட்டப் பக்கத்தை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அடுத்த வாரம் விற்றுவிட்டேன். விற்ற பிறகும் இரண்டு மாதம் அது ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். காரணத்தைச் சரியாகப் பிடிக்கும் இவருக்குக் காலம் மட்டும் பிடிபடுவதில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டு, தவறிய கணிப்புகளைக் கடைசிப் பக்கத்தில் தேதியோடு அச்சிடுகிறார்.

தம்மிடம் இவ்வளவு கறாராக இருப்பவர், தாம் வியக்கும் அமெரிக்க ஷார்ட் செல்லர் ஜிம் சானோஸிடம் மட்டும் இளகிவிடுகிறார். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் தன் கணக்கு முறையால் வருங்கால லாபத்தை இன்றே காட்டிக்கொண்டதையும், போட்ட முதலுக்கு வரிக்கு முன் 7 சதவீதம்தான் ஈட்டியதையும் கண்டு சானோஸ் 2000 நவம்பரில் அதை ஷார்ட் செய்யத் தொடங்கியதும், 2001 டிசம்பரில் அந்நிறுவனம் திவாலானதும் மூன்று இதழ்களில் விரிவாக வந்தன. டெஸ்லா பங்கை ஷார்ட் செய்து சானோஸ் பல ஆண்டுகள் பட்ட நட்டத்துக்கு இரண்டே வரி. 2023இல் சானோஸ் தம் முதலீட்டு நிதியை மூட முடிவெடுத்தது பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தொழிலில் ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் பார்க்க விரும்பும் வாசகருக்கு தோல்வியைச் சொல்லும் அந்தப் பாதிதான் அதிகம் தேவை.

மொழி நடை நன்று; அட்டவணைகளின் எழுத்து மிகச் சிறியது. தொலைபேசியில் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார், ஆனால் மாலை ஐந்துக்குப் பிறகுதான். மாத முதல் வாரத்தில் வரவேண்டிய மடல் எனக்கு நான்கு முறை மூன்றாம் வாரத்தில்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்டும்போது, அஞ்சலில் அனுப்ப வேண்டாம், நானே மாடியேறி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.