புதுச்சேரியிலிருந்து ஒருநாள் பயணம்: செஞ்சியா, பிச்சாவரமா, திருவக்கரையா?

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலையையும் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த தெருக்களையும் ஒன்றரை நாளில் சுற்றி முடித்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் ஒரு நாளைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் யாரும் முதலில் சொல்வது மகாபலிபுரம். நல்ல இடம்தான், ஆனால் அது சென்னைக்குப் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் வரும் வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் தங்கியிருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு மூன்று இடங்கள்: வடமேற்கே சுமார் 70 கி.மீ. தள்ளி செஞ்சிக் கோட்டை, தெற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் பிச்சாவரம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருவக்கரை.

ஒன்றுதான் முடியும், அதுவும் மார்கழி, தை மாதம், முழங்கால் ஒத்துழைக்கும் என்றால் யோசிக்காமல் செஞ்சிக்குப் போங்கள்.

கோட்டை என்றால் ஒரு மதிலும் சில பீரங்கிகளும் என்றே நமக்குப் பழகியிருக்கிறது. செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை வளைத்துக்கொண்டு மதில் ஓடுகிறது. பல இடங்களில் உருண்டைப் பாறைகளே பாதிச் சுவர். நாயக்கர்கள் பெருக்கிக் கட்டிய கோட்டை இது. 1649-இல் பீஜப்பூர் படை பிடித்தது, 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து இங்கே தங்கியபோது முகலாயர்கள் முற்றுகை போட்டார்கள். 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. ஏன் அத்தனை வருடம் பிடித்தது என்பது ராஜகிரியில் ஏறினால் புரியும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது. அதைத் தாண்ட ஒரே ஒரு சிறு பாலம்தான். பாலத்தை எடுத்துவிட்டால் கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் மேலே இருக்கும் சிலரை அசைக்க முடியாது.

அப்புறம் தேசிங்கு ராஜன் கதை. செஞ்சியை ஆண்டு, ஆற்காட்டு நவாபை எதிர்த்து 1714-இல் போரில் இறந்த இளைஞன். இந்தப் பக்கத்துக் கதைப்பாடல்களில் இன்றும் குதிரையேறி வருகிறான். 2025-இல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தது செஞ்சி மட்டுமே. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன.

புதுச்சேரியிலிருந்து போகிறவர்கள் கவனிக்க இன்னொன்றும் உண்டு. 1750-இல் செஞ்சியைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அதை வைத்திருந்தார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. கோட்டைக்குள் வெங்கடரமணர் கோயிலைப் பார்த்துவிட்டு வந்து அந்தத் தூண்களின் அடியில் நின்றால், எதை இழந்து அந்தக் கோயில் அப்படி நிற்கிறது என்று தெரியும். கோயிலுக்கு அருகில் இருக்கும் வாசலின் பெயரே புதுச்சேரி வாசல்.

சிரமங்களையும் சொல்லிவிட வேண்டும். ராஜகிரிக்கு ஆயிரம் படிக்கு மேல் ஏற வேண்டும். நிழல் கொஞ்சம்தான், மேலே தண்ணீர் கிடைக்காது, கையில் பை தொங்கினால் குரங்குகள் விடாது. பிற்பகலில் மலையேற அனுமதிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே காலை ஆறு மணிக்குள் புதுச்சேரியை விட்டுக் கிளம்ப வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் திண்டிவனம் வழியாகச் செல்லும் திருவண்ணாமலை பஸ் வசதி. ஏற முடியாதவர்கள் கீழேயே கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம் ஆகியவற்றைப் பார்க்கலாம். அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். சொந்த வண்டி இருந்தால் திரும்பும்போது விழுப்புரம் சாலையைப் பிடித்து மண்டகப்பட்டில் இறங்குங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஒரு கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டில் சொல்லிவைத்த குடைவரை அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் ஆளே இருக்காது.

பிச்சாவரம் உடம்புக்கு எளிது, ஆனால் நேரக் கணக்கில் கடினம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்த அலையாத்திக் காடு. 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததால்தான் அலையாத்தி என்ற சொல்லே பலர் வாயில் வந்தது. உள்ளூரில் கேட்டால் சுரபுன்னைக் காடு என்பார்கள்.

இங்கே மோட்டார் படகா, துடுப்புப் படகா என்று கேட்பார்கள். துடுப்புப் படகில் ஏறுங்கள். மோட்டார் படகு அகன்ற நீர்ப்பரப்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். காடு இருப்பது குறுகிய வாய்க்கால்களில். தலைக்கு மேல் கிளைகள் பின்னிக்கொள்ள, சுரபுன்னையின் வளைந்த முட்டுவேர்களை உரசிக்கொண்டு படகு போகும். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி ஆணி அடித்ததுபோல் நிற்கும். தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரத்தை இன்று சிதம்பரத்தில் தேடினால் கிடைக்காது, பிச்சாவரத்தில்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதோடு சரி, கிளையை ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் தொல்லை.

இவ்வளவு தூரம் போய்விட்டுச் சிதம்பரம் கோயிலுக்குப் போகாமல் யாரும் திரும்ப மாட்டார்கள். சிக்கல் அங்கேதான். நடை மதியம் சாத்தினால் மாலையில்தான் திறக்கும். கோயிலைக் காலையில் பார்த்துவிட்டு உச்சி வெயிலில் படகேறுகிறவர்களை வாராவாரம் பார்க்கலாம். பாவம், பாதியிலேயே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மதியச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பி, மூன்று மணிவாக்கில் படகு, விளக்கு வைக்கும் நேரத்தில் நடராசர் சன்னதி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நிறைவாக அமையும். சனி, ஞாயிறு படகுத்துறையில் கூட்டம் அதிகம்.

திருவக்கரையைப் பலர் வக்ரகாளியம்மனால் அறிவார்கள். பௌர்ணமி அன்று சாலை திணறும். கல்மரப் பூங்காவுக்காகப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலில் புதைந்து, மரத்திசு இருந்த இடத்தை மெல்ல மெல்லச் சிலிக்கா பிடித்துக் கல்லானவை இவை. கிளையோ வேரோ இல்லாமல் வெறும் அடிமரங்களாகக் கிடப்பதற்குக் காரணம் அந்த வெள்ளப் பயணம். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-இலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மூன்றில் இதுதான் சிறந்தது. மரம்போல் வரி ஓடுவதைப் பார்த்துவிட்டுத் தொட்டால் கல்லாகச் சில்லென்று இருக்கும், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அளவே இருக்காது. ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். பக்கத்திலேயே சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய (கல்லால் கட்டிய) சந்திரமௌலீசுவரர் கோயில்.

ஆனால் திருவக்கரைக்கு அரை நாள் போதும். மீதி அரை நாளை அரிக்கமேட்டுக்குக் கொடுக்கலாம். திருவக்கரையை ஒட்டி ஓடும் சங்கராபரணி செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வருகிறது. கடலைச் சேருமுன் அதிலிருந்து பிரியும் கிளையின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. ரோமானிய மதுச்சாடிகளும் பாண்டங்களும் கிடைத்த, 1945-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த பழைய துறைமுகம் அது. நேரே மேட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குழிகளை மூடிவிட்டார்கள். நிற்கிற செங்கல் சுவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார்களின் கட்டடம், ரோமானியர்களுடையது அல்ல. முதலில் பாரதி பூங்கா அருகே உள்ள அருங்காட்சியகத்தில் மணிகளையும் பானை ஓடுகளையும் பார்த்துவிட்டு, பிறகு மாந்தோப்பு வழியாக ஆற்றங்கரைக்கு நடந்தால் அந்த மேடு பேசத் தொடங்கும். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று திருவக்கரையிலிருந்து திரும்பும் வழியில் ஊசுட்டேரிக்குப் போய்ப் பறவைகளைப் பார்க்கலாம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் இன்னும் நல்லது.