வாசலுக்கு வருபவரா, மருத்துவமனை அறையா?

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் திராட்சை பறிக்கும் மெக்சிகோ வம்சாவளிப் பெண் ஒருத்திக்குத் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வையுங்கள். மனச்சோர்வு என்று அவள் சொல்லமாட்டாள். 'நெர்வியோஸ்' என்பாள், நரம்புக் கோளாறு மாதிரி. 'ப்ரொமொதோரா' எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் அந்தச் சொல்லிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார். அதே தெரு, அதே ஸ்பானிஷ். சமையலறை மேசையில் காப்பி ஆறிப்போகும்வரை கேட்க அவருக்கு நேரமுண்டு. குடியேற்ற ஆவணம் பற்றிய பயமும் அங்கேதான் வெளியே வரும். ஆனால் மருந்து எழுத அவரால் முடியாது. நல்கை நின்றால் வேலையும் நின்றுவிடும். 2022 ஜூலை முதல் மாநிலத்தின் மெடி-கால் காப்பீடு இப்பணிக்குக் கட்டணம் தருவது பெரிய ஆறுதல்.

மற்றொரு வழி, சமூக மருத்துவமனையிலேயே மனநல ஆலோசகரை அமர்த்துவது. சர்க்கரை நோய்க்கு வந்தவரிடம் மனச்சோர்வை அறிய ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்து, தேவையென்றால் அடுத்த அறைக்கே அழைத்துப்போகிறார்கள். பைத்தியம் என்று யார் சொல்வார்கள்? வந்தது சர்க்கரைக்குத்தானே! ஸ்பானிஷ் பேசும் ஆலோசகர்தான் அரிது. பெற்ற மகளையே மொழிபெயர்க்க வைத்தால் எந்தத் தாய் மனம் திறப்பாள்?

அறுவடைக் காலத்தில் ஒருநாள் விடுப்பு என்றால் ஒருநாள் கூலி போயிற்று. அதனால் நான் ப்ரொமொதோராவின் கட்சி. தற்கொலை எண்ணம் தெரிந்தால் மட்டும் காப்பிக்குக் காத்திருக்கக் கூடாது; அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷிலேயே பேசலாம்.