தொழிற்சாலையா, மேயர் பதவியா? சாமுவேல் ஜோன்ஸ் வாழ்விலிருந்து ஓர் ஒப்பீடு

ஊருக்கு நல்லது செய்ய விரும்பும் தொழிலதிபர், தம் நிறுவனத்தோடு நிற்பதா, தேர்தலில் நிற்பதா என்று தயங்குவதுண்டு. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள டொலிடோ நகரில் இரண்டையும் செய்து பார்த்தவர் சாமுவேல் ஜோன்ஸ். எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளுக்கான இரும்புத் தண்டுகளைத் தயாரித்த அவர், 1897 முதல் 1904-இல் இறக்கும் வரை மேயராக இருந்தார்.

வேகம்:
தொழிற்சாலை – எட்டு மணி நேர வேலை, சம்பளத்துடன் விடுமுறை ஆகியவற்றுக்கு முதலாளியான அவரது முடிவே போதுமானதாக இருந்தது.
மேயர் பதவி – மாநிலச் சட்டமன்றம் 1902-இல் நகரக் காவல்துறையைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றபோது, அவர் ஒகாயோ உச்ச நீதிமன்றம் வரை போராடித்தான் வென்றார்.

வீச்சு:
தொழிற்சாலை – பயன் தம் தொழிலாளர்களைத் தாண்டி அதிகம் பரவவில்லை.
மேயர் பதவி – நகராட்சி ஊழியர்களுக்கும் எட்டு மணி நேர வேலை வந்தது. குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல்கள் கிடைத்தன. காவலர் கையிலிருந்த குண்டாந்தடிக்குப் பதிலாக மெல்லிய கைத்தடி கொடுத்ததை, இவை எல்லாவற்றிலும் மேலானதாக நான் மதிக்கிறேன். ஏழையின் முதுகில் விழும் அடியைக் குறைத்த ஆணை அது.

விலை:
தொழிற்சாலை – பணம்.
மேயர் பதவி – கட்சி ஆதரவு. 1899-இல் குடியரசுக் கட்சி மீண்டும் வாய்ப்பளிக்க மறுத்ததால், சுயேச்சையாக நின்று பெருவெற்றி பெற்றார்.

தம் தொழிலாளர்களின் வாழ்வை உடனே மாற்ற நினைப்பவருக்குத் தொழிற்சாலையே ஏற்றது. காவல்துறையையும் பொது இடங்களையும் திருத்த விரும்புபவர், கட்சியின் கோபத்தைத் தாங்கும் துணிவிருந்தால், மேயர் தேர்தலில் நிற்கலாம்.