சிடிஐயோடு பன்னிரண்டு வருஷம், ஒரு இம்போர்ட் வரியோடு சண்டை

பழைய ஆபீஸ் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சி, புது ப்ராஜெக்ட். சிடிஐயா, ஸ்பிரிங் பூட்டா? நீதான் ரொம்ப நாளா அதுலயே கெடக்கியே, சொல்லு." இரண்டுமே ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்டுக்குத் தேவையான மற்ற ஆப்ஜெக்டுகளைத் தானே கொண்டுவந்து பொருத்தித் தருபவை. ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்னால்தான் ஒரு நல் பாயின்டரை, அதாவது ஆப்ஜெக்ட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தால் வரும் பிழையை, தேடி ராத்திரி இரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். சிடிஐயை ஓட்டும் மென்பொருளான வெல்ட் தரும் 001408 பிழைச் செய்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த வகைக்கு பீன் (சிடிஐ உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) கிடைக்கவில்லை, எந்தக் குவாலிஃபையரோடு (ஒரே வகை பீன்களைப் பிரித்துக் காட்டும் குறி) தேடியது, எந்த கிளாஸின் எந்த ஃபீல்டுக்காகத் தேடியது, எல்லாம் அதிலேயே இருக்கும். அதுவும் டிப்ளாய் ஆகும்போதே. கஸ்டமர் பட்டனை அமுக்கும்வரை காத்திருக்காது. ஒன்றுக்கு இரண்டு பீன் பொருந்தினால் 001409 வரும், இரண்டின் பெயரையும் சொல்லும். சத்தம் போட்டு விழுகிற மென்பொருளோடு குடும்பம் நடத்தலாம்.

என் பிரச்சினை அது சத்தம் போடாத இடம். தனக்குத் தெரியாத அனோட்டேஷனை, அதாவது கோடில் @ போட்டு எழுதும் குறிப்பை, பார்த்தால் சிடிஐ வாயே திறக்காது.

முதல் அடி 2013இல். ஜேஎஸ்எஃப் (ஜாவாவில் வலைப்பக்கம் செய்யும் கருவி, இப்போது பெயர் ஃபேசஸ்) ஸ்கிரீன் ஒன்று, சரக்குப் பட்டியல். ஒரு வரி சேர்த்து அடுத்த கிளிக் போனால் பட்டியல் காலி. பீனுக்கு ஸ்கிரீனில் பெயர் தரும் @நேம்டு இருக்கிறது, பயனர் உள்ளே இருக்கும்வரை ஒரே பீனை வைத்திருக்கச் சொல்லும் @செஷன்ஸ்கோப்டு இருக்கிறது, எல்லாம் சரி. ஒன்றரை நாள் கழித்துத்தான் இம்போர்ட் வரியைப் பார்த்தேன். இம்போர்ட் வரிகளைத் தானாகச் சேர்க்க எக்லிப்ஸ் எடிட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ அமுக்கும்போது செஷன்ஸ்கோப்டு என்ற ஒரே பெயரில் இரண்டு வந்திருக்கும், நான் ஃபேசஸ் பேக்கேஜில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டியிருக்கிறேன். சிடிஐக்கு வேண்டியது என்டர்பிரைஸ் கான்டெக்ஸ்ட் பேக்கேஜில் இருப்பது. ஸ்கோப், அதாவது பீனின் ஆயுள், எதுவும் குறிக்கவில்லை என்று அது முடிவு செய்து, பீனை டிபென்டன்ட் ஆக்கிவிட்டது. ஸ்கிரீன் கேட்கும்போதெல்லாம் புதுசாக ஒன்று. ஒரு எச்சரிக்கை வரிகூட லாக்கில் இல்லை. அந்தப் பழைய பேக்கேஜை 2022இல் ஃபேசஸ் 4.0 வந்தபோது ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள். நல்ல காரியம்.

இப்போதைய கதை இன்னும் மோசம். இந்த பேக்கேஜ்களின் பெயர் ஜாவாக்ஸ் என்பதற்குப் பதில் ஜகார்த்தா என்று தொடங்கும் புதுப் பதிப்புக்கு மாறினோம். எங்கள் கோடில் பெயர் மாற்றம் முடிந்தது, கம்பைல் ஆனது, சர்வர் எழுந்தது, ஸ்கிரீன்கள் எல்லாம் ஓடின. ராத்திரி ரிப்போர்ட் மட்டும் விழுந்தது. ரிப்போர்ட் கிளாஸ் இருந்தது பல வருஷமாக யாரும் தொடாத எங்கள் பொது ஜாரில் (ஜாவா கிளாஸ்களைக் கட்டிவைக்கும் கோப்பு). அதற்குள் இன்னும் பழைய ஜாவாக்ஸ் @இன்ஜெக்ட், 'இந்த இடத்தில் பீனைப் பொருத்து' என்று சொல்லும் குறிப்பு. அந்த அனோட்டேஷனின் கிளாஸே புது சர்வரில் இல்லை. அப்படி இல்லாவிட்டால் ஜாவா அதைப் பற்றி மூச்சு விடாமல் தாண்டிப் போய்விடும். அந்த ஜாரில் சிடிஐக்கான அமைப்புக் கோப்பான பீன்ஸ் எக்ஸ்எம்எல் காலியாக இருந்திருந்தால் சிடிஐ 4.0 அந்த கிளாஸை பீனாகவே எடுத்திருக்காது, 001408 கத்தியிருக்கும். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதன் டிஸ்கவரி மோடில் 'ஆல்', அதாவது குறிப்பு இல்லாத கிளாஸையும் பீனாக எடு, என்று எழுதிவைத்திருந்தார். யாரோ என்ன, நான்தான். பீன் உருவானது, ஃபீல்டு மட்டும் நல்.

இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது: சந்தேகப்படும் ஆப்ஜெக்டின் கெட்கிளாஸை, அதாவது அதன் கிளாஸ் பெயரை, லாக்கில் அடிப்பேன். பெயரின் வாலில் வெல்ட்கிளையன்ட்ப்ராக்ஸி என்று வந்தால், பீனுக்கு முன்னால் சிடிஐ நிறுத்தும் ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் இருக்கிறது, ஸ்கோப் வேலை செய்கிறது. வெறும் கிளாஸ் பெயர் வந்தால் அது டிபென்டன்ட், அல்லது புதிதாகச் சேர்ந்த பையன் எங்கேயோ சிடிஐயைக் கேட்காமல் நியூ போட்டுத் தானே உருவாக்கியிருக்கிறான். எத்தனை உருவாகிறது என்று எண்ண, ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் லாக் வைக்காதீர்கள், ப்ராக்ஸியும் அதைக் கூப்பிடலாம், கணக்கு ஏமாற்றும். பீன் தயாரான பிறகு ஓடும் @போஸ்ட்கன்ஸ்ட்ரக்டில் வையுங்கள்.

சரி, திருத்தினேன். ஃபீல்டை விட்டுவிட்டு கன்ஸ்ட்ரக்டர் வழியாக இன்ஜெக்ட் செய்தேன். இனி அனோட்டேஷன் காணாமல் போனால் அந்த கிளாஸ் பீனாகவே ஆகாது, டிப்ளாய் நின்றுவிடும். அழகு. ஆனால் அது அப்ளிகேஷன்ஸ்கோப்டு பீன், முழு அப்ளிகேஷனுக்கும் ஒன்றே ஒன்று. ப்ராக்ஸி வேண்டும், ப்ராக்ஸிக்காக ஆர்கியுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் வேண்டும் என்கிறது சிடிஐயின் ஸ்பெக் (விதிப் புத்தகம்). அதைப் போட்டதும், அனோட்டேஷன் காணாமல் போனாலும் அந்த கன்ஸ்ட்ரக்டரை வைத்தே பீன் உருவாகிவிடும், நான் அடைத்த ஓட்டை மறுபடி திறந்துகொண்டது. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது.

ஸ்பிரிங்கில் சாதாரண பீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2016இல் வந்த 4.3இலிருந்து ஒற்றை கன்ஸ்ட்ரக்டருக்கு அனோட்டேஷனே வேண்டாம். கிடைக்காவிட்டால் 'எரர் கிரியேட்டிங் பீன்' என்று ஆரம்பித்து ஒரு முழம் கொட்டும், கடைசி 'காஸ்டு பை'யைப் படித்தால் போதும். பூட்டில் அதையும் சுருக்கித் தருகிறார்கள். அங்கேயும் நியூ போட்டால் நல்தான், அதை யாரும் காப்பாற்ற முடியாது.

ஆக, மேலே இத்தனை பாராட்டியும் நண்பனுக்கு நான் போட்ட பதில்: "பூட் எடு."

"அப்போ நீயும் மாறுறியா?"

எங்கே மாறுவது. சிடிஐயின் ஈவென்ட்டும் புரொட்யூசரும் எனக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டன, அடுத்ததும் இதில்தான். தவிர, தேடிப் பார்த்தால் 'ஆல்' போட்ட ஜார் இன்னும் இரண்டு இருக்கிறது. இரண்டிலும் கமிட் என் பெயரில்.