சியோலில் ஒரே ஒரு அரண்மனைக்குத்தான் நேரம் என்றால்?

தென்கொரியத் தலைநகர் சியோலில் ஜோசியோன் வம்சத்து அரண்மனைகள் ஐந்து இருக்கின்றன. போட்டி என்னவோ இரண்டுக்கு நடுவில்தான்: கியோங்போக்குங், சாங்தொக்குங். மெட்ரோ 3ஆம் தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள். பயண ஏஜென்டுகள் எல்லோரும் முதலாவதற்குத்தான் கூட்டிப் போகிறார்கள். நானும் அங்கேதான் முதலில் போனேன். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை என்று வாசலில் நின்ற பிறகுதான் தெரிந்தது. சரி, வந்ததற்கு மற்றதையாவது பார்ப்போம் என்று இருபது நிமிடம் நடந்தேன். அந்த நடைதான் என் கட்சியை முடிவு செய்தது.

கியோங்போக்குங்கை மறுநாள் பார்த்தேன். 1395இல் கட்டிய முதல் அரண்மனை, பெரியதும் அதுதான். குவாங்வாமுன் வாசலைத் தாண்டிப் போனால் எதிரே சிம்மாசன மண்டபம், அதற்குப் பின்னால் மலை; எப்படி எடுத்தாலும் படம் நன்றாக வரும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் காவலர் மாறும் நிகழ்ச்சி, முரசு, கொடி, வண்ண உடை. ஹான்போக் என்ற கொரிய மரபு உடையை வாடகைக்கு எடுத்து உடுத்திப் போனால் நுழைவுச் சீட்டே வேண்டாம். அதனால் முற்றம் முழுக்க கூட்டம், பாதிப் பேர் அரசகுமாரி வேடத்தில்.

எனக்குப் பிடித்தது அந்த முற்றத்துத் தரை. கருங்கல் பலகைகளை வழுவழுப்பாக இழைக்காமல் கரடுமுரடாகவே விட்டிருக்கிறார்கள். வெயில் கண்ணைக் கூசாது, மழையில் வழுக்காது. இருபுறமும் வரிசையாகக் குட்டிக் கற்கள், எந்தப் பதவிக்காரர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு. நடுவில் சில கற்களில் இரும்பு வளையம் பதித்திருக்கிறது. எதற்கென்று பார்த்தால், விழா நாளில் பந்தல் கட்டக் கயிறு மாட்டவாம்! எந்த ஊரானாலும் அரசவைக்கும் பந்தல் வேண்டியிருக்கிறது.

ஆனால் அங்கே கண்ணில் படுவதில் பழையது குறைவு. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இரண்டு அரண்மனைகளுமே எரிந்தன. சாங்தொக்குங்கை இருபது ஆண்டுகளுக்குள் திரும்பக் கட்டிவிட்டார்கள். கியோங்போக்குங் சுமார் 270 ஆண்டுகள் இடிபாடாகவே கிடந்து, 1860களில்தான் மீண்டும் எழுந்தது. அப்புறம் ஜப்பானிய ஆட்சி வந்து பெரும்பாலான கட்டடங்களை இடித்தது, முன்வாசலைப் பெயர்த்து ஓரமாக வைத்தது, சிம்மாசன மண்டபத்தை மறைத்துத் தன் தலைமைச் செயலகத்தை எழுப்பியது. அந்தக் கட்டடத்தை 1995இல்தான் இடிக்கத் தொடங்கினார்கள். இன்று நாம் நுழையும் வாசல் 2010இல் பழைய இடத்திலேயே மீட்டுக் கட்டியது. குளத்தின் மேல் 48 கல்தூண்களில் நிற்கும் கியோங்ஹோரு மண்டபம் தப்பியது. அதற்காகவே ஒரு முறை போகலாம். மற்ற பல இடங்களில் வண்ணம் இப்போதுதான் காய்ந்தது போல இருக்கும். 1895இல் ராணி மியோங்சோங்கை ஜப்பானியர் கொன்றது வளாகத்தின் வடக்குக் கோடியில். அதுவரை நடப்பவர்கள் கொஞ்சம்தான்.

சாங்தொக்குங் வேறு ரகம். 1405இல் தொடங்கியது. மற்றது பாழாய்க் கிடந்த காலமெல்லாம் அரசர்கள் வாழ்ந்தது இங்கேதான். நேர்க்கோட்டில் அடுக்கவில்லை, மேடு பள்ளம் எப்படியோ அப்படியே கட்டடங்களும் வளைந்து போகின்றன. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சிம்மாசன மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தால் மின்விளக்கும் திரைச்சீலையும் தொங்கும். கடைசி அரசர் சுன்ஜோங் 1907இல் இங்கே குடிவந்த பிறகு சேர்ந்தவை. பழைய சிம்மாசனமும் பல்பும் ஒரே கூரைக்குக் கீழே! நக்சொன்ஜே என்ற பகுதியில் வண்ணப்பூச்சே கிடையாது, வெறும் மரம். இளவரசி தொக்ஹே அங்கே 1989இல் காலமானார். அவ்வளவு சமீபம் வரை அது வீடாகவே இருந்திருக்கிறது.

பின்தோட்டத்துக்குத் தனிச்சீட்டு: அரண்மனைக்கு 3,000 வோன், தோட்டத்துக்கு மேலும் 5,000. வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். ஹான்போக் சலுகை தோட்டத்துக்குச் செல்லாது. சதுரக் குளம், நடுவில் வட்டத் தீவு: பூமி சதுரம், வானம் வட்டம் என்ற அவர்கள் நம்பிக்கை. எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். நான் நின்றது இன்னும் உள்ளே, வைக்கோல் கூரை போட்ட சின்ன மண்டபத்துக்கு முன்னால். அதைச் சுற்றி ஒரு துண்டு நெல்வயல். குடிமக்களின் உழைப்பை உணர அரசரே நட்டு அறுத்தாராம். அறுத்த வைக்கோல்தான் கூரைக்கும் போகும். நாலு பாத்தி அளவுகூட இல்லை. அதைப் பார்த்ததும் கியோங்போக்குங்கின் பிரம்மாண்டம் கொஞ்சம் மங்கிவிட்டது எனக்கு.

ஆக, ஒன்றுதான் என்றால் சாங்தொக்குங், தோட்டத்தோடு. தோட்டச்சீட்டு கிடைக்காவிட்டால் முடிவு மாறலாம், ஏனென்றால் பாதி சுவை அங்கேதான். முழங்கால் வலிக்காரர்களோ கைக்குழந்தையோ கூட வந்தாலும் கியோங்போக்குங் போதும். அது சமதளம், தோட்டம் ஏற்ற இறக்கம், ஒன்றரை மணி நேர நடை. சாங்தொக்குங்குக்கு விடுமுறை திங்கட்கிழமை.