மூன்று வருடமாகப் பொய்க் கணக்குச் சொல்லும் என் 1080 டிஐ

என் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டில், அது தன் மின்செலவைக் குறைத்து அளக்கும்படி, ஷண்ட் மாட் என்ற மாற்றத்தைச் செய்து (மாடு என்று படித்தால் நான் பொறுப்பில்லை) மூன்று வருடம் ஆகிறது. கார்டு இன்னும் ஓடுகிறது, நடுவில் ஒரு முறை செத்துப் பிழைத்தது.

இது 250 வாட் கார்டு. பவர் லிமிட்டை 120 சதவீதத்துக்கு ஏற்றினாலும் 300 வாட்டில் நின்றுவிடும். தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் பிளாக் போட்டு வெப்பம் 45 டிகிரியைத் தாண்டாமல் வைத்திருந்தும், கேம் கனமான காட்சிக்குப் போனதும் கிளாக் (சிப் ஓடும் வேகம்) 1900க்கும் 2000 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவே ஊசலாடும். கார்டைக் கண்காணிக்கும் ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் காரணம் எப்போதும் பவர்தான். கார்டு எப்படி அளக்கிறது என்றால், 12 வோல்ட் பாதையில் இருக்கும் 5 மில்லிஓம் மின்தடையின் (இதுதான் ஷண்ட்) இரு முனைக்கும் இடையே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. அதன் முதுகில் இன்னொரு மின்தடையை ஏற்றினால் கணக்கு குறைந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம்.

முதலில் சோம்பேறித்தனமாக, இன்னொரு மின்தடைக்குப் பதில் மின்சாரம் கடத்தும் லிக்விட் மெட்டலை (திரவ உலோகக் கலவை) ஷண்டுகள் மீது தடவினேன். ஒரு மாதம் சொர்க்கம். அப்புறம் ஒரு நாள் கிளாக் 139 மெகாஹெர்ட்ஸில் உறைந்துபோய் எழுந்திருக்கவே இல்லை. மின்தடை அளவுக்கு மீறிக் குறைந்தால் கார்டு ஏதோ கோளாறு என்று பயந்து இப்படிப் பதுங்கிக்கொள்ளும். துடைத்துப் பார்த்தால் அதைவிட மோசம்: லிக்விட் மெட்டலில் இருக்கும் காலியம் சாலிடரைத் தின்றிருந்தது, ஒரு ஷண்ட் விரல் பட்டதும் ஆடியது. தயவுசெய்து இந்த வழியில் போகாதீர்கள்.

பிறகு ஒழுங்காக, பவர் கேபிள் வழி ஷண்டுகள் மீது மட்டும் 10 மில்லிஓம் வைத்துப் பற்றவைத்தேன். இரண்டும் சேர்ந்து 3.33 ஆகிறது, அதாவது அந்தப் பாதையில் உண்மையில் 300 வாட் போனால் கார்டுக்கு 200 தான் தெரியும். அங்கே இருக்கும் செம்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் சின்ன சாலிடரிங் அயர்ன் போதாது, கீழிருந்து சூடேற்ற வேண்டியிருந்தது. மதர்போர்டு ஸ்லாட்டுக்கான ஷண்டைத் தொடவில்லை. அந்த 75 வாட் எல்லையோடு விளையாட எனக்குத் துணிச்சல் கிடையாது.

பலன்? 2050ல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) ஐந்தாறு சதவீதம்தான் கூடியது, ஆனால் நடுநடுவே வந்த திணறல் போய்விட்டது. கேபிள் சூடாவதைக் கவனித்து ஒவ்வொரு கனெக்டருக்கும் தனித்தனிக் கேபிள் போட்டேன். மென்பொருள் காட்டும் வாட்டை நம்பாமல் சுவர் மீட்டரைப் பார்க்கப் பழகிக்கொண்டேன், இது கடைசி வரை எரிச்சல்தான்.

சிப்புக்குப் போகும் வோல்ட்டை ஏற்றும் வோல்ட் மாடும் செய்தேன், இரண்டே வாரத்தில் கழற்றினேன். 1.093 வோல்ட் எல்லையைத் தாண்டி 1.15 வரை போனதற்குக் கிடைத்தது 40 மெகாஹெர்ட்ஸ். சக்தி வோல்ட்டின் இருமடியோடு ஏறுவதால் அதற்கு மட்டுமே பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் வெப்பம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றிச் சாதனை படைப்பவர்களுக்குச் சரி, தண்ணீரில் ஓட்டுபவனுக்கு எதற்கு?

போன மாதம் சிப் மீதுள்ள வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை மாற்றக் கழற்றியபோது சாலிடர் கொஞ்சம் மங்கியிருந்தது, விரிசல் இல்லை. விற்கிறாயா என்று ஒரு நண்பன் கேட்டான். ஷண்ட் கதையைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டான்.