காரில்லாமல் மலையூர் பார்க்க: ஓர்வியேட்டோவா, சான் ஜிமிஞானோவா, வோல்டெர்ராவா?

இத்தாலியில் ரோமுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் இடையே மதில் சூழ்ந்த பழைய மலையூர் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று விரும்புவோர் பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களுக்கிடையே தடுமாறுவார்கள். மூன்றையும் பார்த்திருக்கிறேன் என்றாலும், முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லும் வேளை வந்தபோது ஓர்வியேட்டோவைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணம் அழகு அன்று, ஏறும் வழி.

அழகில் மூன்றும் சளைத்தவை அல்ல. சான் ஜிமிஞானோவில் ஒரு காலத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று 14 நிற்கின்றன. 1348-ஆம் ஆண்டின் கொள்ளைநோயால் நொடித்து, 1353-இல் ஃபிளாரன்ஸின் ஆட்சிக்குள் போன அவ்வூரில், பழையவற்றை இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்குச் செல்வம் மீண்டும் சேரவில்லை. அந்த வறுமைதான் நமக்கு அக்கோபுரங்களைக் காத்துத் தந்தது. வோல்டெர்ராவின் பெருமை, ரோமருக்கு முன் அப்பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்து வாயிலான போர்ட்டா அல்லார்கோ. 1944-இல் ஜெர்மானியப் படை அதைத் தகர்க்க முனைந்தபோது, ஊர்மக்கள் தெருவில் பாவியிருந்த கற்களைப் பெயர்த்தெடுத்து, வாயிலை அடைத்துக் காப்பாற்றினார்கள்.

ஆனால் இவற்றைப் பார்க்க முதலில் மேலே போய்ச் சேர வேண்டும். வாடகைக் கார் எளிது என்று தோன்றும். இந்திய உரிமத்தோடு இத்தாலியில் ஓட்டப் பன்னாட்டு அனுமதியும் வேண்டும். பழைய ஊர்களுக்குள் வெளியார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்ட பகுதிகளைக் கேமராக்கள் கண்காணிப்பதால், தவறி நுழைந்தவருக்கு அபராதச் சீட்டு வீடு திரும்பிய பிறகுகூட வந்து சேரும். பொதுப் போக்குவரத்து என்றால், சான் ஜிமிஞானோவில் ரயில் நிலையமே கிடையாது. போஜ்ஜிபோன்சியில் இறங்கிப் பேருந்து பிடித்து, மதில் வாயிலில் இறங்கியபின் சதுக்கம் வரை மேட்டுத் தெருவில் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகளும் குறைவு. வோல்டெர்ரா இன்னும் கடினம்: ரயில் பாதை மலையடிவாரத்துச் சலீனே என்னும் ஊரோடு முடிந்துவிடுகிறது.

ஓர்வியேட்டோவில் ரோம்–ஃபிளாரன்ஸ் பாதையிலேயே நிலையம் இருக்கிறது. வெளியே வந்தால் எதிரிலேயே கம்பி இழுக்கும் மலை ரயில். சில நிமிடங்களில் மேலே காயென் சதுக்கத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து பேராலயத்துக்குச் சிறு பேருந்து உண்டு. 1888-இல் நீரின் எடையால் இயங்கத் தொடங்கி, 1970-இல் நின்றுபோய், 1990-இல் மின்சாரத்தில் மீண்டும் ஓடத் தொடங்கிய ரயில் இது. உச்சி பெரும்பாலும் சமதளமாக இருப்பதால், அம்மா பேராலயத்தின் முன் நிதானமாக உட்கார்ந்து, 1290-இல் தொடங்கிய அக்கட்டடத்தின் முகப்புச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்; உள்ளே ஓவியர் சிஞொரெல்லியின் சுவரோவியங்களுக்கும் நேரம் மிஞ்சியது. புனித பாட்ரிக் கிணறு மட்டும் அவருக்கு எட்டவில்லை. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட் வெட்டச் சொன்ன அக்கிணற்றில், நீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்படாமல் இறங்கவும் ஏறவும் இரண்டு தனித்தனிச் சுழற்பாதைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 248 படிகள்.

மதில்தான் முக்கியம் என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஓர்வியேட்டோவுக்கு அரண் பெரும்பாலும் அது அமர்ந்திருக்கும் எரிமலைப்பாறையின் செங்குத்து விளிம்புதான். கட்டிய மதிலின் மேல் மனம் வைத்தவர் சான் ஜிமிஞானோவுக்கே போகலாம். அவ்வூரை நான் கூட்டம் நிறைந்த பகலில் மட்டுமே பார்த்திருக்கிறேன். சுற்றுலாப் பேருந்துகள் போனபின் இரவு தங்குவோரின் தீர்ப்பு வேறாக இருக்கக்கூடும். நம்பிக்கையான ஓட்டுநர் உடனிருந்தால் நானே வோல்டெர்ராவை முதலில் வைப்பேன்.

ஓர்வியேட்டோவுக்குச் செல்வோர் வட்டார ரயிலையோ இன்டர்சிட்டியையோ பார்த்து ஏற வேண்டும். அதிவேக ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. வட்டார ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை, கட்டணமும் மாறாது. தாள் சீட்டானால் ஏறும்முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும்.